சக்கரத்தில் சந்தனம்

என் மகள் இசக்கி ஏரியில் நீந்துவாள். கரையேறி சைக்கிள் மிதிப்பாள். சைக்கிளை விட்டு இறங்கி ஓடுவாள். மூன்றும் ஒரே காலையில், நடுவில் உட்காராமல். அதற்கு டிரையத்லான் என்று பேர். அந்தப் பேர் என் வாயில் நுழைய ஒரு வருசம் ஆனது.

அவளுக்குப் பதினேழு வயது. மலேசியாவில் பந்தயம். சின்னப் பிள்ளை, கூடப் பெரியவர் ஒருவர் வரவேண்டும் என்றார்கள். உப்பளத்தில் வேலை மும்முரம், அவள் அப்பாவால் வர முடியாது. நானும் உப்பளத்து வேலைதான். இருந்தாலும் பெண்பிள்ளைக்குத் துணை அம்மா என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பந்தயத்தில் அவள் வயதுப் பெண்களில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் சென்னையில் பயிற்சி விடுதியில் இடம். சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாலாவது வந்தால் ஒன்றும் இல்லை. அடுத்த வருசம் வயது தாண்டிவிடும். அதனால் இது ஒன்றுதான்.

அவள் பெரிய ஆள் ஆன கதை சின்னதுதான். தூத்துக்குடியில் கடல் பக்கத்தில் வீடு. நீச்சல் யாரும் சொல்லித்தரவில்லை. உப்பளத்துக்குச் சோறு கொண்டுவருவாள். பாத்தி வரப்பு ஒரு சாண் அகலம்தான் இருக்கும், அதில் தூக்குவாளியோடு ஓடியே வருவாள். குழம்பு சிந்தாது. பள்ளிக்கூடத்துப் போட்டியில் ஞானதுரை சார் பார்த்தார். அவர்தான் கோச். முதல் பந்தயத்துக்கு என் தம்பியின் பால் சைக்கிளைக் கொண்டுபோனாள். கேன் மாட்டுகிற கொக்கி இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. கூட வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவதாக வந்தாள். அப்புறம் சார் எங்கேயோ பேசி, ஓட்டிப் பழகிய ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதில் மாவட்டம் ஜெயித்தாள், மாநிலம் ஜெயித்தாள்.

அந்தச் சைக்கிளைக் கழற்றிப் பெரிய அட்டைப்பெட்டியில் வைத்து விமானத்தில் போட்டோம். கோலாலம்பூரில் இறங்கினால் பெட்டியைக் காணோம். பெல்ட் சுற்றியது. எல்லாரும் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் ஒரு சிவப்புப் பையும் நாங்களும் மட்டும் நின்றோம். சிவப்புப் பை திரும்பத் திரும்ப வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் எங்களைப் பார்த்தாள். தமிழாள்.

"என்னா தேடுறீங்க?"

"சைக்கிள் பெட்டி."

"அலாமாக்! பெரிய சாமான் இங்க வராது லா, அக்கா. அந்தக் கடைசிக் கதவுக்குப் போங்க."

கடைசிக் கதவில் பெட்டி தனியாக நின்றது. இசக்கி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். என்னை அவள் அப்படிக் கட்டிப்பிடித்து நாளாயிற்று.

வெளியே லோகா அண்ணன் நின்றார். ஞானதுரை சாருக்குத் தூரத்துச் சொந்தம். மலேசியாவிலேயே பிறந்தவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பெரிய வயிறு, பெரிய குரல்.

"வாங்க தங்கச்சி! பசியாறிட்டீங்களா?"

காலைச் சாப்பாட்டை அங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். கேட்க நன்றாக இருந்தது. இல்லை என்றேன். அவ்வளவுதான். வேன் நேராகச் சாப்பாட்டுக் கடைக்குப் போனது. ரொட்டி சானாய் என்று நம் பரோட்டாவின் தம்பி மாதிரி ஒன்று. மெல்லிசு. பருப்புக் குழம்பில் தோய்த்துத் தின்றேன். உப்பு கொஞ்சம் குறைச்சல். உப்பளத்துக்காரிக்கு எல்லா ஊரிலும் குறைச்சலாகத்தான் தெரியும்.

அண்ணன் வீடு பிரிக்பீல்ட்ஸில், அடுக்குமாடியில் மேல் மாடி. தெருவில் இறங்கினால் பூக்கடை, சேலைக்கடை, பாட்டுச் சத்தம். நம் ஊர்ச் சித்திரைத் திருவிழா மாதிரி இருக்கிறது. ஆனால் சாதாரண வியாழக்கிழமை. ஒரு வித்தியாசம், யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எனக்குக் காது அடைத்தது போல் இருந்தது.

அண்ணன் மனைவி பரமேஸ் அக்கா. அவருக்கு எங்கள் உப்பு ஒரு மூட்டை கொண்டுபோயிருந்தேன். கல்லுப்பு. கையில் கொடுக்கக்கூடாது, சண்டை வரும். மேசையில் வைத்தேன். அக்கா சிரித்துவிட்டு மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். கடல் தாண்டியும் அது மாறவில்லை.

அக்காவுக்கு ஒரே வருத்தம், இசக்கி சாப்பிடவில்லை. மீன் தலைக்கறி, சம்பல், அப்பளம், பாயாசம் எல்லாம் இருந்தது. இசக்கி வெறும் சோறும் தயிரும் இரண்டு வாழைப்பழமும் எடுத்தாள். பந்தயம் முடியும்வரை எண்ணெய், காரம் கூடாது என்று சார் சொல்லியிருந்தார்.

"என்னா புள்ள இது, காப்பு கட்டின மாதிரி சாப்பிடுது," என்றார் அக்கா.

"பந்தயம் முடியட்டும் ஆன்டி. சட்டியோட சாப்பிடுதேன்," என்றாள் இசக்கி.

அவள் பங்கையும் நான் சாப்பிட்டேன். தலைக்கறியில் உப்பு சரி.

அன்று சாயங்காலம் இசக்கி சைக்கிளைப் பூட்டினாள். கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினாள். லோகா அண்ணன் பக்கத்திலேயே குந்தியிருந்தார். கோயில் தேர் பூட்டுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

மறுநாள் காலையில் பத்துமலை. தங்க நிறத்தில் முருகன் வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்கிறார். அவர் பக்கத்தில் படிக்கட்டு, கலர் கலராக. இசக்கி ஏறவில்லை. காலுக்கு வேலை கொடுக்கக்கூடாது என்று சார் உத்தரவு.

"மலேசியாவுக்கு வந்துட்டு முருகனைப் பாக்காம போறதா?" என்றார் அண்ணன்.

"கீழ இருந்தே தெரியுதாரு அங்கிள்," என்றாள்.

நான் ஏறினேன். அண்ணன் கொஞ்சம் ஏறி, "நீங்க போய்ட்டு வாங்க தங்கச்சி, நான் மூச்சைப் புடிச்சிட்டு வரேன்," என்று உட்கார்ந்தார். நான் இறங்கும்போதும் அதே படியில்தான் இருந்தார்.

கீழே இசக்கி முகம் தொங்கிக் கிடந்தது. பந்தயத்தில் சைக்கிள் மிதிக்கும்போது உறிஞ்சுகிற சத்துக் கூழ் ஒரு பொட்டலம் கையில் வைத்திருந்தாள். குரங்கு பிடுங்கிவிட்டது. மேலே பார்த்தால் அது கடித்துத் திறந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாவியது.

"நல்ல கூழு," என்றேன்.

அவளும் சிரித்துவிட்டாள். இன்னும் இரண்டு பொட்டலம் வீட்டில் இருந்தது.

மத்தியானம் இசக்கி படுத்துத் தூங்கினாள். அதுவும் உத்தரவு. அண்ணன் மெல்ல என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, என் புது வேனுக்கு நான் கிள்ளான்லதான் பூசை போட்டேன். நான் பொறந்த ஊரு. இது வரைக்கும் ஒரு கீறல் இல்ல. பாப்பா சைக்கிளுக்கும் ஒரு சின்னப் பூசை போட்டுட்டு வந்துருவோமா?"

எங்கள் ஊரில் உப்பு லாரிக்குப் போடுகிறோம். டிராக்டருக்குப் போடுகிறோம். சைக்கிளும் வண்டிதானே. தலையாட்டினேன். அவளை எழுப்ப மனசு வரவில்லை.

கிள்ளான் போக நெடுஞ்சாலை. வழியெல்லாம் ஜாம். அண்ணன் ஜாமில் நிற்கும்போதுதான் நிறையப் பேசுவார். அப்பா கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில் இருந்தது, இவர் முதலில் லோரி ஓட்டியது, பெண் பார்க்கப் போன நாளில் லோரி சேற்றில் மாட்டி, பெண் வீட்டார் வந்து தள்ளியது. "தள்ளின ஆள்ல பரமேஸ் ஒன்னு," என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா, "அன்னைக்கே யோசிச்சிருக்கணும்," என்றார்.

கோயில் வாசலில் சைக்கிளை இறக்கினோம். அண்ணன் வேனிலிருந்து ஒரு புட்டி எடுத்தார். தேங்காய் எண்ணெய். பழைய பனியன் துணியில் ஊற்றி, சைக்கிளை மேலிருந்து கீழ்வரை தேய்த்தார். கம்பி, சக்கரம், பிரேக் கட்டை பிடிக்கிற வளையம், ஒன்றும் விடவில்லை. சைக்கிள் மினுமினு என்று ஆனது. நானும் நன்றாக இருக்கிறது என்றேன். ஐயர் வந்தார். சக்கரம் முழுக்கச் சந்தனம், குங்குமம். பிரேக் கட்டையிலும் ஒரு பொட்டு. மாலை போட்டார். சூடம் காட்டினார். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார். லாரி சக்கரம் என்றால் பழம் பச்சென்று நசுங்கும். இது விரல் மொத்தச் சக்கரம். வழுக்கி வழுக்கி ஓடியது. கடைசியில் அண்ணன் சைக்கிள் மேல் சாய்ந்து வயிற்றால் அழுத்தினார். நசுங்கியது.

விடிந்தால் ஷா ஆலம் போகவேண்டியதுதானே என்று சைக்கிளை இறக்காமல் வேனிலேயே விட்டோம். மிச்ச எலுமிச்சம்பழத்தையும் அண்ணன் அங்கேயே வைத்தார். எங்கள் உப்பிலும் ஒரு பொட்டலம் அங்கே இருந்தது. பந்தயத்தன்று இசக்கிக்குத் திருஷ்டி சுற்ற.

மூன்றாம் நாள் ஷா ஆலம். அங்கே ஏரிக்கரையில் நாலாம் நாள் பந்தயம். அதற்கு முந்தின நாளே சைக்கிளைக் காட்டி, சரி என்று சொன்னபிறகு அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். வேனிலிருந்து இறக்கியதும் இசக்கி பார்த்தாள்.

"எம்மா, என்ன இது?"

"பூசை."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. சந்தனத்தைத் துண்டால் துடைத்துவிட்டு வரிசையில் நின்றாள். எண்ணெய் அவளுக்குத் தெரியாது.

சைக்கிள் பார்த்த அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண். தலையில் முக்காடு, கழுத்தில் விசில். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினாள். சக்கரம் பாட்டுக்கு உருண்டது. மறுபடி தள்ளினாள். மறுபடி உருண்டது. வளையத்தைத் தொட்டு விரலை மோந்து பார்த்தாள். மலாயில் என்னமோ கேட்டாள். பரமேஸ் அக்கா குனிந்துகொண்டே சொன்னார்:

"சமையலுக்கா கொண்டுவந்தீங்கன்னு கேக்குறாங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பிரேக் பிடிக்காத சைக்கிளை விடமாட்டேன் என்றாள். சாயங்காலம் கதவு மூடுமுன் சரிபண்ணிக் கொண்டுவந்தால் பார்ப்பாள். இல்லாவிட்டால் இந்தப் பெண்ணுக்குப் பந்தயம் இல்லை.

வெளியே வந்தோம். இசக்கி கேட்டாள், "எண்ணெய் போட்டது யாரு?"

"பளபளன்னு இருக்கணும்னு..." என்றார் அண்ணன். அவ்வளவு பெரிய குரலுக்கு அவ்வளவுதான் சத்தம் வந்தது.

"நானும் கூட நின்னேன்," என்றேன்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். சாருக்குப் போன் போட்டாள். போனில் சார் கத்தியது ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. கத்தி முடித்துவிட்டு வழி சொன்னார். வளையத்து எண்ணெயைச் சுத்தமாக எடுக்கவேண்டும். ரப்பர் கட்டை எண்ணெய் குடித்திருக்கும், புதுசு மாற்றவேண்டும். பிடிக்காவிட்டால் ஏறாதே, அடுத்த பந்தயம் பார்க்கலாம் என்றார். அடுத்த பந்தயம் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

முதல் சைக்கிள் கடை பூட்டியிருந்தது. முதலாளி வீட்டுக் கல்யாணம். அடுத்த கடைக்குப் போனோம். சீனக்காரர். கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்து, "இந்த மாதிரி இப்ப யாரும் வாங்குறதில்ல பாஸ்," என்று அவர் மலாயில் சொன்னதை அண்ணன் சொன்னார். பழைய சைக்கிள். அவரிடம் இல்லை.

அண்ணன் வேனை ஒரு மாமாக் கடை முன்னால் நிறுத்தினார். தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடையை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். தண்ணீர் குடிக்க இறங்கினோம். கடைக்குப் பின்னால் ஒருவர் பெரிய சட்டி கழுவிக்கொண்டிருந்தார். கரி ஏறிய எண்ணெய்ச் சட்டி. கழுவக் கழுவ வெள்ளையாக வந்தது.

பரமேஸ் அக்கா அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, குத்துவிளக்கு எண்ணெய்ப் பிசுக்கை நீங்க எப்படி எடுப்பீங்க?"

"எலுமிச்சம்பழமும் உப்பும்."

"ரெண்டும் வேன்ல இருக்கு லா."

சட்டி கழுவியவர் ராமநாதபுரத்துக்காரர், சாகுல் பாய். வேலைக்கு வந்தவர். விசயத்தைக் கேட்டதும் இடம் விட்டுக் கொடுத்தார். சவுக்காரமும் கொடுத்தார். இசக்கி சக்கரங்களைக் கழற்றினாள். ஆளுக்கு ஒரு சக்கரம். அக்காவும் நானும் குந்தி உட்கார்ந்து விளக்கு தேய்க்கிற மாதிரி தேய்த்தோம். உப்பைப் பொடித்து, பழத்தில் தொட்டு, வளையம் முழுக்க.

"எம்மா, உப்பு அரிச்சிரும்," என்றாள் இசக்கி.

"உப்பைக் கழுவ எனக்குத் தெரியும். நீ உன் வேலையைப் பாரு."

அவள் கட்டைகளைச் சவுக்காரத்தில் ஊறவைத்தாள். அப்புறம் சிமெண்டுத் தரையில் வைத்துத் தேய்த்தாள். எண்ணெய் குடித்த மேல்தோல் போய் உள்ளே கறுப்பு ரப்பர் சொரசொரப்பாக வரும்வரை தேய்த்தாள். விரல் நுனி சிவந்துவிட்டது. லோகா அண்ணன் தண்ணீர் ஊற்றினார். வேறு எதையும் தொட அவருக்குத் தைரியம் இல்லை.

"அண்ணே, ஊத்துறது தண்ணிதானே? பாத்துக்கிட்டீங்களா?" என்றார் சாகுல் பாய்.

அதற்குத்தான் அன்று முதல் தடவையாக எல்லாரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

கதவு மூடுமுன் போய்விட்டோம். அதே அம்மாள். பிரேக்கைப் பிடித்துத் தள்ளினாள். முன்சக்கரம் நின்றது. பின்பக்கம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. பின் பிரேக் முன்னது அளவு இல்லை, ஆனால் நின்றது. விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். பரமேஸ் அக்கா மொழிபெயர்த்தார்:

"காலையில எண்ணெய், இப்ப எலுமிச்சை. மீன் எப்ப வரும்னு கேக்குறாங்க."

இந்தத் தடவை அந்த அம்மாளே சிரித்தாள். சீட்டு ஒட்டினாள்.

பந்தயத்தன்று விடியும்போது தூறல். அண்ணன் உப்பு எடுத்துத் திருஷ்டி சுற்றினார். இசக்கி நின்று காட்டினாள். பிறகு அண்ணன் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார், உள்ளே வைத்தார், எடுத்தார்.

"நெத்தியில பிரேக் இல்ல அங்கிள், பூசுங்க," என்றாள்.

பூசினார். அவள் ஏரிக்குப் போனாள்.

தண்ணீரில் எல்லாத் தலையும் ஒரே நிறத் தொப்பி. எது என் பிள்ளை என்று தெரியவில்லை. கரையேறும்போது தெரிந்தது. இரண்டாவது ஆள். கடல் பிள்ளைக்கு ஏரி தொட்டி மாதிரி.

சைக்கிள் பாதை ஏரியைச் சுற்றிப் பல சுற்று. ஒரு இடத்தில் மேட்டிலிருந்து இறங்கிச் சட்டென்று திரும்பவேண்டும். நாங்கள் அந்தத் திருப்பத்தில் நின்றோம். ரோடு ஈரம். லோகா அண்ணன் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். பார்க்க முடியாது என்றார்.

"வந்துட்டாளா?"

"வரா," என்றார் அக்கா.

"திரும்பிட்டாளா?"

"திரும்பியாச்சு. நீங்களும் திரும்புங்க."

திரும்பவில்லை. எல்லாச் சுற்றுக்கும் அதே கேள்வி, அதே முதுகு.

இசக்கி மேட்டிலேயே பிரேக் பிடித்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் கீழே வந்துதான் பிடித்தார்கள். அதனால் சுற்றுக்கு ஒருத்தி அவளைத் தாண்டினாள். பிரேக் பிடிக்குமா என்று அவளுக்கே முழு நம்பிக்கை இல்லை. நம்பாமல் ஓட்டினாள். கீழே விழாமல் ஓட்டினாள். ஒரு பிள்ளை அந்தத் திருப்பத்தில் வழுக்கி உட்கார்ந்தது. எழுந்து மறுபடி ஏறிக்கொண்டது. நான் மூச்சு விட்டேன்.

சைக்கிளை வைத்துவிட்டு ஓடத் தொடங்கும்போது அவள் ஏழாவது. நான் விரல் மடக்கி எண்ணினேன். முன்னால் ஆறு. மூன்றாவதாக வர, நாலு பேரைத் தாண்டவேண்டும்.

"முடியுமா தங்கச்சி?" என்றார் அண்ணன். முதல் தடவையாகத் திரும்பியிருந்தார்.

"ஓட்டத்துக்குப் பிரேக் வேண்டாம்," என்றேன்.

ஏரிக்கரையில் நடைபாதை குறுகல். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் புல். எனக்கு எங்கள் வரப்புதான் தெரிந்தது. கையில் தூக்குவாளி மட்டும் இல்லை. தலை ஆடாமல் வந்தாள். ஒருத்தியைத் தாண்டினாள். அந்தப் பக்கம் மரத்துக்குப் பின்னால் போனாள். வெளியே வரும்போது இன்னும் இரண்டு பேர் பின்னால் போயிருந்தார்கள்.

கடைசி நேர்ப்பாதை. நாலாவது அவள். மூன்றாவது ஓடியது நெட்டையான பிள்ளை, கால் நீளம். இசக்கி இரண்டு அடி வைத்தால் அது ஒரு அடி. எனக்குக் கத்த வராது. பரமேஸ் அக்கா கத்தினார். அண்ணன் "ஓடு பாப்பா! ஓடு!" என்று கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் தானும் ஓடினார். பத்துமலையில் ஏற முடியாதவர். வயிறு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். நெட்டைப் பிள்ளை கோட்டுக்குப் பக்கத்தில் வந்து ஒரு நொடி திரும்பிப் பார்த்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது. இசக்கி அந்தப் பக்கமாகப் போய்விட்டாள்.

மூன்றாவது.

எனக்கு நம்பிக்கை இல்லை. பலகையில் பேர் வரும்வரை நின்றேன். பேர் வந்தது. பிறகு புல்லில் உட்கார்ந்தேன். அண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

இசக்கி வந்தாள். நெற்றியில் திருநீறு இல்லை, ஏரியிலேயே கரைந்திருக்கும். "ஆன்டி, தலைக்கறி இருக்கா?" என்றாள். அதுதான் ஜெயித்தபிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

அன்று சட்டியோடு சாப்பிட்டாள். பரமேஸ் அக்கா எதிரில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்புகிற நாள் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் வைக்கவேண்டும். லோகா அண்ணன் தூரமாக, சமையல்கட்டு வாசலில் நின்றார். அந்த எண்ணெய்க்குப் பிறகு அவர் சைக்கிள் பக்கம் வரவே இல்லை. இசக்கி இருக்கையைக் கழற்றித் திருப்பினாள். அடிப்பக்கம் சந்தனம் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம். நாங்கள் எல்லாவற்றையும் தேய்த்தோம், அதை யாரும் பார்க்கவில்லை. பந்தயம் முழுக்க அவள் அதன் மேல்தான் உட்கார்ந்து போயிருக்கிறாள்.

அண்ணன் பார்த்துவிட்டார். அவசரமாகத் துணி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"துடைச்சிடும்மா, துடைச்சிடு."

"எதுக்கு அங்கிள்? இனிமே இங்க வைங்க. இங்க பிரேக் இல்ல," என்றாள். அப்படியே துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

இப்போது அவள் சென்னையில், விடுதியில். வீட்டில் தூக்குவாளியை நானே எடுத்துக்கொண்டு போகிறேன். மெதுவாகத்தான் போவேன், எனக்குச் சிந்தும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முந்தின நாள் கோலாலம்பூரிலிருந்து லோகா அண்ணன் போன் வரும். சுகம் விசாரிக்கமாட்டார். பசியாறிட்டீங்களா என்றுகூடக் கேட்கமாட்டார்.

"தங்கச்சி, சீட்டுக்கு அடியில பொட்டு வச்சாச்சா?"

நான் இசக்கிக்குப் போன் போட்டுக் கேட்பேன். பிறகு அவருக்குச் சொல்வேன்.

"வச்சாச்சு அண்ணே. எண்ணெய் இல்லாம."